வாயில்களின் நகரம்: ஔரங்காபாத் வரலாறும் நமக்குரிய பாடமும்

ஒரு நகரத்தின் வரலாறு என்றவுடன் அதனைக் கட்டிய மன்னன் யார், அதனை வென்ற தளபதி யார், அங்கே எழுந்த மாளிகைகள் எத்தனை என்னும் வினாக்களே நம் நினைவுக்கு வருகின்றன. பள்ளிப் பாடநூல்கள் நம்மை அவ்வாறே பழக்கியுள்ளன. ஆயினும், கல் சுமந்தவர், சேறு மிதித்தவர், கோட்டை வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் ஆகியோரின் பக்கத்தில் நின்று நோக்கினால் அதே வரலாறு வேறொரு தோற்றம் கொள்கிறது. வாயில்களை யார் கட்டினர் என்பதோடு, அவற்றினுள்ளே யார் விடப்பட்டனர், யார் விடப்படவில்லை என்பதும் அப்பொழுது வரலாற்று வினாவாகி விடுகிறது.

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், இவ்வினாவோடு ஒரு நகரத்தைக் கண்டுவர விழைகிறோம். அது நம் தமிழ்நாட்டு நகரமன்று. மராட்டிய மாநிலத்தின் ஔரங்காபாத் ஆகும். ஐம்பத்திரண்டு வாயில்களைக் கொண்டது என்று மரபு கூறும் அந்நகரை ‘வாயில்களின் நகரம்’ என்றே அழைப்பர். படைப்பாளையமும் பல்கலைக்கழகமும் அங்கே அண்டை வீடுகள் போல அமைந்துள்ளன. தாழ்த்தப்பட்ட மக்கள் கல்விக்காகவும் தன்மானத்திற்காகவும் நடத்திய பெரும் போராட்டங்களுள் ஒன்று அந்நகரை மையமாகக் கொண்டே நிகழ்ந்தது. ஒரு கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலரில் பேசுவதற்கு இதனினும் பொருத்தமான ஊர் அரிது.

பெயரைப் பற்றி ஒரு சொல். 2023 பிப்ரவரியில் இந்நகருக்குச் சத்ரபதி சம்பாஜிநகர் என்னும் பெயர் நடுவண் அரசின் ஒப்புதலைப் பெற்றது. நாம் இங்கே கூறப்போகும் நிகழ்ச்சிகளுள் மிகப் பெரும்பாலானவை பழைய பெயர் வழங்கிய காலத்தவை. ஆதலின் ஔரங்காபாத் என்னும் பெயரையே இக்கட்டுரையில் ஆளுகின்றோம். பெயர் மாற்றம் இந்நகருக்குப் புதிதும் அன்று என்பதை மேலே காண்போம்.

அடிமை கண்ட நகர்

தக்காணப் பீடபூமியில் மராத்வாடா என்னும் பகுதியின் தலைநகராகக் கருதப்படுவது ஔரங்காபாத். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி மாநகராட்சி எல்லைக்குள் 11,75,116 பேர் வாழ்ந்தனர். பம்பாய் உயர்நீதிமன்றத்தின் கிளையொன்று அங்கே இயங்குகிறது. எல்லோராக் குகைகள் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலும், அஜந்தாக் குகைகள் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலும் உள்ளன. நகரின் வடபுறக் குன்றுகளிலும் பௌத்தக் குகைகள் உண்டு. புத்தர் பிரானின் அறம் ஒரு காலத்தில் இம்மண்ணில் வேரூன்றியிருந்தது என்பதற்கு அவை கல்லில் அமைந்த சான்றுகள்.

இந்நகரைக் கண்டவர் யார்? அரச குலத்தில் பிறந்தவரல்லர். விலைக்கு விற்கப்பட்ட ஓர் அடிமை. ஆப்பிரிக்காவின் எத்தியோப்பிய நாட்டிலே பிறந்து, சிறுவனாக இருந்தபொழுதே பிடிக்கப்பட்டு, கைமாறிக் கைமாறி விற்கப்பட்டு, இறுதியில் தக்காணம் வந்து சேர்ந்தவர் மாலிக் அம்பர். அகமதுநகர் நிசாம்சாகி அரசில் அவரை விலைக்கு வாங்கிய அமைச்சரும் முன்னாள் அடிமையே. எசமானரின் மறைவுக்குப் பின் விடுதலை பெற்ற அம்பர், தம் ஆற்றலால் படை திரட்டி, அவ்வரசைத் தாங்கும் தூணாக உயர்ந்தார். முகலாயப் பேரரசின் பெரும் படைகளை மறைந்திருந்து தாக்கும் போர்முறையால் அவர் பல்லாண்டு தடுத்து நிறுத்தினார்.

கி.பி. 1610இல் கட்கி என்னும் சிற்றூரைத் தலைநகராக்கி அவர் வளர்த்தார். அதுவே பின்னாளில் ஔரங்காபாத் ஆயிற்று. முகலாயர்மீது கண்ட வெற்றியின் நினைவாக 1612இல் அவர் எழுப்பிய பட்கல் வாயில் இன்றும் நிற்கிறது. அவ்வாயிலினும் பெரியது அவர் அமைத்த நீர்ப்பணி. வடபுறக் குன்றுகளின் ஊற்றுநீரை நிலத்தடிக் கால்வாய் வழியே நகருக்குக் கொண்டுவந்தார். ‘நகர்-இ-அம்பரி’ என்று அதற்குப் பெயர். எந்திரம் ஏதுமின்றி, நிலத்தின் சரிவை மட்டுமே துணையாகக் கொண்டு நீர் ஓடிற்று. பல தலைமுறைகள் அந்நீரைப் பருகின. அடிமையாக விற்கப்பட்ட ஒருவர் ஒரு நகரத்தின் தாகத்தைத் தீர்த்தார் என்பதை நம் இளைஞர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1626இல் மாலிக் அம்பர் மறைந்தார். அவர் மகன் பதே கான் நகரின் பெயரைப் பதேநகர் என மாற்றினார். பின்னர் முகலாயர் இப்பகுதியைக் கைப்பற்றினர். தக்காணத்தின் ஆளுநராக இளவரசர் ஔரங்கசீப் வந்தபின் அவர் பெயரால் ஊர் ஔரங்காபாத் ஆயிற்று. அவர் மனைவி தில்ராசு பானு பேகத்தின் நினைவாக எழுந்ததே தாஜ்மகாலை ஒத்த பீபி கா மக்பரா. ஔரங்கசீப் 1707இல் மறைந்து, அண்மையிலுள்ள குல்தாபாத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அதன்பின் நிசாம் அரசின் தொடக்கத் தலைநகராக இந்நகர் விளங்கிற்று. 1763இல் தலைநகர் ஐதராபாத்துக்கு மாறியது. அது முதல் மாவட்டத் தலைநகர் என்னும் அளவிலே ஔரங்காபாத் நெடுங்காலம் அமைதியாகக் கிடந்தது.

படைப்பாளையம்

நிசாம் ஆட்சியில் இந்நகரின் மேற்கே ஒரு படைப்பாளையம் வளர்ந்தது. மக்கள் அதனைச் ‘சாவணி’ என்பர். நம் பரங்கிமலையையும் திருச்சிக் கன்டோன்மென்டையும் கண்டவர்க்கு அதன் தோற்றம் எளிதில் விளங்கும். அகன்ற தெருக்கள், ஓங்கிய மரங்கள், அதிகாரிகளின் பங்களாக்கள், அணிவகுப்புத் திடல் என்று நகரின் நெரிசலுக்குச் சற்றே அப்பால் அது அமைந்தது. ‘ஐதராபாத் கன்டின்ஜென்ட்’ என்னும் படையின் பிரிவுகள் அங்கே தங்கின. ஆங்கிலேய அதிகாரிகளின் கீழ் இயங்கிய இப்படையின் செலவை நிசாம் அரசே ஏற்க வேண்டும். அச்செலவின் பாக்கிக்காகவே 1853 உடன்படிக்கையின்படி வளமிக்க பேரார்ப் பகுதியின் நிருவாகம் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது.

1857 ஜூன் திங்களில் இப்பாளையத்துக் குதிரைப்படையிலும் கிளர்ச்சி தோன்றியது. ஆங்கிலேயரின் படையொன்று வந்து அதனை அடக்கிற்று. கிளர்ச்சி செய்தோர் கொடிய தண்டனைக்கு ஆளாயினர். 1903இல் அக்கன்டின்ஜென்ட் கலைக்கப்பட்டு இந்தியப் படையுடன் இணைந்தது. 1948 செப்டம்பரில் இந்திய அரசின் படை நடவடிக்கைக்குப் பின் நிசாம் ஆட்சி முடிவுற்றது. ஆட்சிகள் மாறினும் பாளையம் நிலைத்தது. இன்று அது இந்தியப் படையின் பாளையமாக, தனக்கெனக் கன்டோன்மென்ட் வாரியம் உடையதாக விளங்குகிறது.

படைக்கும் நம் மக்களுக்கும் உள்ள தொடர்பை இவ்விடத்தில் எண்ணிப் பார்த்தல் தகும். ஆங்கிலேயரின் பம்பாய்ப் படையில் மகார் மக்கள் பெருந்தொகையினராகப் பணிபுரிந்தனர். 1818 ஜனவரி முதல் நாள் நடந்த கோரேகான் போரின் நினைவுத்தூணில் மகார் வீரர் பலரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வாறே சென்னைப் படையிலும், குறிப்பாகச் சுரங்கம், பாலம், பாதை அமைக்கும் பிரிவுகளிலும் பறையர் குலத்தினர் பலர் உழைத்தனர். ஊரில் நிழல் படக்கூடாது என்று ஒதுக்கப்பட்டவன் பாளையத்தில் சீருடை அணிந்து நிமிர்ந்து நின்றான். அதனினும் சிறந்த பயன் ஒன்று உண்டு. பாளையத்துப் பள்ளியில் படைவீரரின் பிள்ளைகள் எழுத்தறிவு பெற்றனர்.

அண்ணல் அம்பேத்கர் 1891 ஏப்ரல் 14ஆம் நாள் பிறந்ததே மோவ் என்னும் படைப்பாளையத்தில்தான். தந்தை இராம்ஜி சுபேதார் நிலையை எய்தியவர். இராணுவப் பள்ளியில் ஆசிரியப் பணியும் ஆற்றியவர். பாளையம் தந்த எழுத்தறிவே அக்குடும்பத்தின் முதற் சொத்து. ஆனால் அவ்வாயிலும் நிலையாகத் திறந்திருக்கவில்லை. ‘போர்க்குலம்’ என்னும் கொள்கையைக் காட்டி 1890களின் தொடக்கத்தில் மகார்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. சென்னைப் படையினரும் அதே கொள்கையால் குறைத்து மதிக்கப்பட்டனர். முதல் உலகப் போர் வந்தபொழுது 1917இல் மகார்ப் படைப்பிரிவொன்று அமைக்கப்பட்டது. போர் முடிந்த சில ஆண்டுகளில் அது கலைக்கப்பட்டது. 1941 அக்டோபரில், மீண்டும் ஓர் உலகப் போரின் நடுவில்தான், இன்றைய மகார் ரெஜிமென்ட் தோன்றியது.

இதிலிருந்து பெறப்படுவது என்ன? பிறர் தேவைக்காகத் திறக்கப்படும் வாயில், அத்தேவை தீர்ந்தவுடன் மூடப்படும். ஆள் வேண்டியபொழுது அழைத்தனர், வேண்டாதபொழுது அனுப்பினர். நமக்குரிய வாயிலை நாமே கட்டிக்கொள்ளும்வரை இந்நிலை மாறாது.

தௌலதாபாத் வாயிலில்

ஔரங்காபாத்திலிருந்து எல்லோரா செல்லும் வழியில், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் இருப்பது தௌலதாபாத் கோட்டை. யாதவ மன்னர்களின் தேவகிரி அதுவே. முகம்மது பின் துக்ளக் 1327இல் தில்லியிலிருந்து தலைநகரை மாற்றியதும் அங்கேதான். இக்கோட்டையின் வாயிலில் 1934ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றை அண்ணல் அம்பேத்கர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார்.

எல்லோராவைக் காணும் நோக்குடன் ஏறத்தாழ முப்பது பேர் கொண்ட குழுவாக அவர்கள் புறப்பட்டனர். அண்ணல் அப்பொழுது உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றவர். இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் அமர்ந்து பேசியவர். வழியில் தௌலதாபாத்தில் இறங்கினர். பயணத்தின் புழுதி படிந்த முகத்தையும் கால்களையும் அங்கிருந்த குளத்து நீரில் கழுவிக்கொண்டு கோட்டை வாயிலுக்குச் சென்றனர். அப்பொழுது முதியவர் ஒருவர், தீண்டாதார் குளத்தைத் தீட்டாக்கி விட்டனர் என்று கூவிக்கொண்டு ஓடிவந்தார். கூட்டம் கூடிற்று, வசைமொழி எழுந்தது. கூடியவர்கள் முசுலிம்கள். நாங்கள் உங்கள் சமயத்தைத் தழுவினால் அப்பொழுதும் இந்நீரைத் தடுப்பீர்களா என்னும் பொருள்பட அண்ணல் வினவினார். விடை வரவில்லை. சாதி என்னும் நோய் ஒரு சமயத்தின் எல்லையோடு நின்றுவிடுவதில்லை என்பதை அந்நிகழ்ச்சி அவருக்குக் காட்டிற்று.

இறுதியில் கோட்டைக்குள் செல்ல இசைவு கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை. உள்ளே எவ்விடத்திலும் நீரைத் தொடலாகாது. அதனைக் கண்காணிக்க ஆயுதம் தாங்கிய வீரன் ஒருவன் உடன் அனுப்பப்பட்டான். மாலிக் அம்பர் நீர் கொணர்ந்த நகருக்கு அருகே, முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், நாட்டின் தலைசிறந்த அறிஞருள் ஒருவர் நீரைத் தொடாதவாறு படைவீரன் காவல் நின்றான். கல்வி ஒரு மனிதனை உயர்த்தும். ஆனால் ஒருவன் மட்டும் கற்றால் வாயிற் காவலனின் மனம் மாறிவிடாது. சமூகம் முழுவதும் கற்று எழுந்தாலன்றி அக்காவல் நீங்காது. இதுவே அந்நிகழ்ச்சியிலிருந்து நாம் பெறும் கருத்து.

நாகசேனவனம்

நிசாம் ஆட்சியில் மராத்வாடா கல்வியில் மிகவும் பின்தங்கியிருந்தது. 1918இல் தோன்றிய உசுமானியாப் பல்கலைக்கழகம் ஐதராபாத்தில் இருந்தது. அதன் பயிற்றுமொழி உருது. மராத்தி பேசும் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு அது தொலைவிலும் தொலைவு. தாழ்த்தப்பட்ட வகுப்பினரின் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

அண்ணல் அம்பேத்கர் 1945 ஜூலை 8ஆம் நாள் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அக்கழகத்தின் முதற் கல்லூரியாகிய சித்தார்த்தா கல்லூரி 1946இல் பம்பாயில் தொடங்கிற்று. இரண்டாவது கல்லூரியை எங்கே அமைப்பது? பூனாவோ நாகபுரியோ போன்ற வளர்ந்த நகரங்களை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. எங்கே இருள் மிகுதியோ அங்கே விளக்கை ஏற்றினார். 1950 ஜூன் திங்களில் ஔரங்காபாத்தில் கல்லூரி தொடங்கப்பெற்றது. 1951 செப்டம்பர் முதல் நாள் குடியரசுத் தலைவர் டாக்டர் இராசேந்திர பிரசாத் அதன் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டினார். கோட்டை வாயிலில் நீர் மறுக்கப்பட்டது 1934இல். அதே மாவட்டத்தில் கல்வி வாயில் கட்டப்பெற்றது 1950இல். இடைப்பட்ட காலம் பதினாறே ஆண்டுகள்.

அக்கல்லூரிக்கு ‘மிலிந்த்’ என்று பெயர். வளாகம் ‘நாகசேனவனம்’ எனப்பட்டது. மிலிந்தர் என்பவர் மெனாந்தர் என்னும் கிரேக்க மன்னர். நாகசேனர் பௌத்தத் துறவி. மன்னர் ஐயம் எழுப்ப, துறவி விடை கூற, அவ்வுரையாடல் ‘மிலிந்த பன்கா’ என்னும் பாலி நூலாயிற்று. அரியணையில் அமர்ந்தவரும் அறிவின் முன் மாணவராகி வினவலாம். மாணவரும் அஞ்சாது வினவலாம் என்னும் கருத்து அப்பெயரில் அடங்கியிருக்கிறது. கேள்வி கேட்டால் நாவை அறுப்போம் என்று நூற்றாண்டுகளாக அச்சுறுத்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு, கேள்வி கேட்டு அறிவு பெற்ற மன்னரின் பெயரைக் கல்லூரிக்குச் சூட்டியது பொருள் பொதிந்த செயலாகும்.

பேராசிரியர் ம.பி. சிட்னிசு அக்கல்லூரியின் முதல்வராக இருந்து அதனை உருவாக்கினார். கலை, அறிவியல், வணிகம், சட்டம் எனத் துறைகள் அவ்வளாகத்தில் பெருகின. எல்லா வகுப்பு மாணவரும் அங்கே பயின்றனர். எனினும் அதன் உயிர்நாடி, தாழ்த்தப்பட்ட மாணவர்க்கென அமைந்த விடுதிகளேயாகும். சேரியிலிருந்து முதன்முறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவனுக்கு நகரில் வாடகை வீடு கிடைக்காது. உணவகத்தில் கடன் கிடைக்காது. விடுதி இல்லையெனில் அவனுக்குக் கல்லூரி இல்லை. 1944இல் தொடங்கப்பெற்ற, பள்ளியிறுதிக்குப் பிற்பட்ட படிப்புக்கான நடுவண் அரசின் உதவித்தொகையும் இவ்விடுதியும் சேர்ந்தே ஒரு தலைமுறையைப் பட்டதாரிகளாக்கின.

அத்தலைமுறை வேலை தேடுவதோடு நிற்கவில்லை, எழுதவும் தொடங்கிற்று. சிட்னிசு எழுதிய ‘யுகயாத்திரை’ என்னும் நாடகத்தை 1950களில் அக்கல்லூரி மாணவர்கள் நடித்தனர். மிலிந்த் கல்லூரியிலும் பின்னர்ப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய பேராசிரியர் கங்காதர் பாண்தவணே, 1960களின் இறுதியில் ‘அசுமிதாதர்ஷ்’ என்னும் இதழைத் தொடங்கி நெடுங்காலம் நடத்தினார். மராத்தி தலித் இலக்கியத்தின் நாற்றங்கால் என்று அவ்விதழைக் கூறலாம். 2018இல் பத்மசிறீ விருதுக்கு அவர் பெயர் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். மராத்தியில் எழுந்த அவ்விலக்கிய அலை பின்னர்த் தமிழிலும் தலித் எழுத்துக்கு ஊக்கம் தந்தது என்பதை நாம் அறிவோம்.

பெயருக்காக ஒரு போராட்டம்

1956இல் மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போது மராத்வாடா பம்பாய் மாநிலத்துடன் இணைந்தது. 1958 ஆகஸ்டு 23ஆம் நாள் ஔரங்காபாத்தில் மராத்வாடாப் பல்கலைக்கழகம் பிறந்தது. தலைமை அமைச்சர் நேரு அதனைத் தொடங்கி வைத்தார். நகரின் வடக்கே, பௌத்தக் குகைகள் உள்ள குன்றுகளின் அடிவாரத்தில் பரந்த நிலப்பரப்பில் அது அமைந்தது. சோனேரி மகால் என்னும் பழைய மாளிகையும் அவ்வளாகத்தினுள்ளே உள்ளது.

மராத்வாடாவில் உயர்கல்விக்கு வித்திட்டவருள் முதன்மையானவர் அம்பேத்கர். எனவே பல்கலைக்கழகத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட வேண்டும் என்னும் கோரிக்கை 1970களில் வலுப்பெற்றது. 1978 ஜூலை 27ஆம் நாள் மராட்டியச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் அதற்கான தீர்மானத்தை நிறைவேற்றின. ஒரு பெயர்ப்பலகையை மாற்றும் செய்தி என்றே வெளியிலிருந்தோர் கருதியிருப்பர். ஆனால் அன்றிரவு முதலே மராத்வாடாவின் சிற்றூர்களில் தீ எழுந்தது.

தாழ்த்தப்பட்டோரின் குடிசைகள் எரிந்தன, கிணறுகள் பாழாயின, மக்கள் ஊரைவிட்டு ஓடினர். ஏறத்தாழ 1,200 ஊர்கள் பாதிக்கப்பட்டன என்று கணக்கிடப்பட்டது. நாந்தேடு மாவட்டத்துத் தெம்புர்ணி என்னும் ஊரில் போச்சிராம் காம்ப்ளே கொல்லப்பட்டார். பல்கலைக்கழகத்தின் பெயருக்கும், அதன் வாசலையே கண்டிராத சிற்றூர் உழவுக்கூலிக்கும் என்ன தொடர்பு? தொடர்பு உண்டு. அவ்வூர்களில் நம் மக்கள் செத்த மாட்டை இழுப்பதையும் ஊரூழியம் செய்வதையும் விட்டுக்கொண்டிருந்தனர். அவர்தம் பிள்ளைகள் உதவித்தொகை பெற்றுப் படித்து அலுவலகங்களில் நுழைந்துகொண்டிருந்தனர். அதனைக் கண்டு நெடுநாள் புகைந்துகொண்டிருந்த காழ்ப்பு, பெயர் மாற்றம் என்னும் பொறி பட்டவுடன் பற்றிக்கொண்டது. எரிந்தவை குடிசைகள், எரிக்க விரும்பியது நம் நிமிர்வை.

தீர்மானத்தின் செயற்பாடு நிறுத்திவைக்கப்பட்டது. மக்கள் ஓயவில்லை. 1979இல் பேராசிரியர் ஜோகேந்திர கவாடே தலைமையில் நாகபுரியிலிருந்து ஔரங்காபாத் நோக்கி நெடும்பயணம் புறப்பட்டது. ஆண்டுதோறும் அறப்போர்களும் சிறைசெல்லல்களும் தொடர்ந்தன. 1993 நவம்பரில் கௌதம் வாக்மாரே என்பவர் நாந்தேடில் தீக்குளித்து உயிர் நீத்தார். இவ்வாறு உயிரை மாய்த்துக்கொள்ளும் வழியை நாம் எந்த இளைஞருக்கும் கூறோம். வாழ்ந்து போராடுவதே அண்ணல் காட்டிய வழி. ஆயினும் அரசின் தயக்கம் எத்துணைத் துயரை விளைத்தது என்பதற்கு அம்மறைவு சான்றாகும்.

1994 ஜனவரி 14ஆம் நாள் ‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் மராத்வாடாப் பல்கலைக்கழகம்’ என்னும் பெயர் நடைமுறைக்கு வந்தது. பழைய பெயரும் நீங்கவில்லை. புதிய பெயரும் சேர்ந்தது. எனவே இதனைப் பெயர் மாற்றம் என்னாது பெயர் விரிவு என்றே கூறினர். அவ்வாண்டிலேயே நாந்தேடில் தனிப் பல்கலைக்கழகம் ஒன்றும் உருவாயிற்று. முழு வெற்றியன்று என்று சிலர் மனம் குறைந்தனர். எனினும், தீர்மானத்திற்கும் பெயர்ப்பலகைக்கும் இடையே கடந்த பதினைந்தரை ஆண்டுகளில் சிற்றூர் மக்கள் ஒரு பல்கலைக்கழகத்தைத் தமதென உரிமை கொண்டாடினர். பாட்டன் பள்ளிக்கூடத்தின் திண்ணையில் ஏறக்கூடாது. பேரன் பல்கலைக்கழகத்திற்குப் பெயர் வைக்கப் போராடினான். இம்மாற்றத்தை எந்த அளவுகோலால் அளப்பது? ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 14 அன்று மக்கள் அப்பல்கலைக்கழக வாயிலில் திரண்டு வணக்கம் செலுத்துகின்றனர்.

இன்றைய நகர்

1980களுக்குப் பின் இந்நகரின் முகம் விரைந்து மாறிற்று. வாளூஜ் போன்ற தொழிற்பேட்டைகளில் மோட்டார் வண்டித் தொழிற்சாலைகள் எழுந்தன. சிற்றூர்களிலிருந்து வந்த மக்கள் அவற்றிலே பணிபுரிகின்றனர். ‘இம்ரூ’ என்னும் பழைய நெசவுக்கலை ஒருபுறம் தேய்ந்துகொண்டிருக்க, மறுபுறம் புதிய கல்வி நிலையங்கள் தோன்றின. 2017இல் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் ஒன்று தொடங்கிற்று. தனியார் பல்கலைக்கழகமும் உண்டு.

படைப் பணிக்கும் இந்நகரில் ஒரு கல்வி வாயில் இருக்கிறது. 1977இல் மராட்டிய அரசு அங்கே படைப்பணி ஆயத்த நிறுவனம் ஒன்றை அமைத்தது. பத்தாம் வகுப்பு முடித்த மாணவரைத் தேர்ந்தெடுத்து, தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் நுழைவுத் தேர்வுக்கு அது பயிற்றுவிக்கிறது. ஒரு காலத்தில் நம் முன்னோர் பாளையத்தில் பாதை வெட்டினர்; அதிகாரி நிலை அவர்க்கு எட்டாக்கனி. இன்று தேர்வெழுதி அதிகாரியாக நுழைய முடியும். ஆனால் அதற்கான தேர்வு எது, வயது வரம்பு என்ன, எப்பொழுது விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அறியாமலேயே நம் பிள்ளைகள் பலர் வயதைக் கடந்து விடுகின்றனர். பூட்டப்படாத கதவும், அது கதவென்று தெரியாதவனுக்குச் சுவரேயாகும்.

பட்கல் வாயிலின் அருகே இன்று அண்ணல் அம்பேத்கரின் சிலை நிற்கிறது. அடிமையாக வந்தவர் கட்டிய வாயில். தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவரின் சிலை. அந்நகரின் நானூறு ஆண்டு வரலாற்றை இவ்விரண்டும் ஒருங்கே கூறுகின்றன.

நமக்குரிய பாடம்

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டுவன சில உள.

முதலாவது, நிறுவனம் வேண்டும். தனி மனிதர் எவ்வளவு கற்றாலும் தௌலதாபாத் வாயிலில் நிறுத்தப்படுவர். நாகசேனவனம் போன்ற நிறுவனம் ஒன்று எழுந்தால் ஆயிரமாயிரம் பேர் ஒருங்கே நடந்து செல்வர். நம் கல்விக் கழகம் சிறியதே. அதன் நன்கொடைப் பெட்டியும் சிறியதே. ஆனால் சமூகத்தின் உழைப்பால் சமூகத்திற்கென நடப்பது அது. பிறர் தேவைக்குத் திறந்து பிறர் விருப்பத்திற்கு மூடும் வாயிலன்று.

இரண்டாவது, விடுதியும் நூலகமும் வகுப்பறைக்கு இணையானவை. முதல் தலைமுறை மாணவனுக்கு வீட்டில் விளக்கும் இடமும் அமைதியும் கிடைப்பதரிது. உண்ணவும் உறங்கவும் படிக்கவும் ஓரிடம் தந்தால் மீதியை அவனே பார்த்துக்கொள்வான். மகளிர்க்கு இஃது இன்னும் மிகுதியாகப் பொருந்தும். மகளிர் விடுதிக்கென நன்கொடை கேட்டு வருவோரை நம் உறுப்பினர் வெறுங்கையுடன் அனுப்பலாகாது.

மூன்றாவது, வினவும் பழக்கம் வேண்டும். மிலிந்தர் என்னும் பெயர் நமக்கும் உரியது. உதவித்தொகை ஏன் காலம் தாழ்ந்து வருகிறது, ஒதுக்கீட்டு இடங்கள் ஏன் நிரப்பப்படவில்லை என்று அரசை வினவ வேண்டும். நம் கழகத்தின் கணக்கையும் நம் இளைஞர் வினவ வேண்டும். தலைவர்கள் அதற்குச் சினங்கொள்ளாது விடையளிக்க வேண்டும்.

நான்காவது, எழுதி வைக்க வேண்டும். கோரேகானில் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டதால் நிலைத்தன. தௌலதாபாத் நிகழ்ச்சி அண்ணல் எழுதியதால் நமக்குத் தெரிந்தது. நம் ஊர்களில் முதன்முதல் பள்ளிக்குச் சென்றவர் யார், முதன்முதல் பட்டம் பெற்ற பெண் யார், குளத்தில் நீர் எடுக்கும் உரிமை எந்த ஆண்டில் கிடைத்தது என்பவற்றை முதியோர் உயிருடன் இருக்கும்பொழுதே கேட்டு எழுத வேண்டும். அடுத்த விழா மலருக்கு அவையே சிறந்த கட்டுரைகளாகும்.

இளைஞர்களே! ஔரங்காபாத்தின் பழைய வாயில்களிற் பல இன்று இடிந்து போயின. மதில்களும் பெரும்பாலும் மறைந்தன. மன்னர் கட்டியவற்றின் முடிவு அது. மக்கள் கட்டிய கல்லூரிகளோ இன்றும் காலைதோறும் திறக்கின்றன. நம் கழகத்தின் இருபத்தைந்து ஆண்டு உழைப்பும் அவ்வகையினதே. இதனைக் காத்து வளர்ப்பதும், இதன் கதவு எந்த ஏழைப் பிள்ளைக்கும் மூடப்படாதவாறு பார்த்துக்கொள்வதும் இனி உங்கள் கையில் உள்ளன.